கூம்பா: கடைசியாக வந்த முதல் எதிரி

தளத்துக்குத் தளம் தாவியும் பள்ளங்களைத் தாண்டியும் முன்னேறுவதே ஆட்டமாக அமைந்த வீடியோ விளையாட்டுகளுக்கு இலக்கணம் வகுத்ததாகக் கருதப்படும் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’, ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத்தால் 1985 செப்டம்பரில் வெளியிடப்பட்டது. அதன் முதல் கட்டம் தொடங்கிய சில நொடிகளிலேயே வலப்புறமிருந்து மெல்ல நடந்து வரும், கைகளற்ற பழுப்புநிறக் காளான் உருவமே கூம்பா. ஜப்பானில் அதன் பெயர் குரிபோ. ஆட்டக்காரர் முதலில் சந்திக்கும் இந்த எதிரி, விளையாட்டை உருவாக்கியவர்களின் கையில் கடைசியாகவே பிறந்தது.

அதற்குக் காரணம் ஆமைதான். 1983இல் வெளிவந்த ‘மரியோ பிரதர்ஸ்’ விளையாட்டில் ஆமையின் மேல் குதித்தவருக்கே உயிர் போகும். அது நிற்கும் தளத்தைக் கீழிருந்து முட்டி, அதைக் கவிழ்த்த பின்னரே உதைத்துத் தள்ள இயலும். புதிய விளையாட்டை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் அதில் இவ்விதியைத் தலைகீழாக்கி, மிதிப்பதையே தாக்குதலாக்கினர். ஆயினும் மிதிபட்ட ஆமை சாகாமல் ஓட்டுக்குள் ஒடுங்கியது. உதைபட்ட ஓடு சறுக்கிச் சென்று பிற எதிரிகளை வீழ்த்தியதோடு, எதன்மீதேனும் மோதித் திரும்பினால் உதைத்தவரையும் கொன்றது. தொடக்க எதிரிக்கு இத்தனை சிக்கல் ஆகாது என்பது சோதனை ஆட்டங்களில் தெரியவந்ததால், ஒரே மிதியில் மடியும் எளிய எதிரி ஒன்று தேவைப்பட்டது.

ஆனால் அதற்குள் நினைவகத்தில் இடம் ஏறக்குறையத் தீர்ந்துபோயிருந்தது. விளையாட்டைத் தாங்கிய கார்ட்ரிட்ஜின் மொத்தக் கொள்ளளவு 40 கிலோபைட். அதில் நிரலுக்கு 32, படங்களுக்கு 8. எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு சதுரம் ஒவ்வொன்றும் 16 பைட் கொள்ளும் என்பதால், நான்கு சதுரங்களாலான கூம்பாவின் உடல் 64 பைட்டில் அடங்கியது. நடப்பதற்கெனத் தனிப் படங்கள் வரையாமல், ஒரே படத்தை இடவலமாக மாற்றி மாற்றிக் காட்டினர். இப்படித் திருப்பும் வசதி விளையாட்டுக் கருவியிலேயே இருந்தமையால் அதற்குப் புதிய படம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்தத் தத்தித்தத்தி நடையின் நகைச்சுவை, வரைந்தவரின் கற்பனையைவிட இடப்பஞ்சத்துக்கே அதிகம் கடன்பட்டது.

முதல் கட்டத்தில் கூம்பா ஆசிரியராகவே நிறுத்தப்பட்டது. நேராகச் சென்று மோதுபவர் மாண்டு மீண்டும் தொடங்குகிறார்; அஞ்சிக் குதிப்பவர் அதைத் தாண்டிவிடுகிறார் அல்லது தற்செயலாக அதன் தலையில் இறங்கி, மிதிக்கலாம் என்பதை அறிகிறார். அடுத்து, கேள்விக்குறி இட்ட கட்டியிலிருந்து வெளிப்படும் நல்ல காளானும் ஏறத்தாழ அதே உருவில் இருப்பதால் ஆட்டக்காரர் விலகி ஓடக்கூடும். அக்காளான் குழாயில் மோதித் திரும்பி வரவும், தப்பக் குதிப்பவர் மேலேயுள்ள கட்டிகளில் தலை இடித்து அதன் மேலேயே விழவும் ஏற்ற வகையில் அவ்விடம் அமைக்கப்பட்டுள்ளது.

கூம்பாக்கள் காளான் நாட்டுக்குத் துரோகம் செய்தவர்கள் என்கிறது விளையாட்டின் கையேடு. உருவத்துக்குப் பின்னால் கதை ஓடி வந்தது போலவே தோன்றுகிறது. 1988இல் மூன்றாம் பாகத்தில் கூம்பாவுக்கு இறக்கை முளைத்தது. 1990இல் வெளிவந்த ‘சூப்பர் மரியோ வேர்ல்ட்’ விளையாட்டில் இடம்பெற்ற அதன் உருண்டை உறவினனோ, மிதித்தாலும் சாகாமல் கவிழ்ந்து கிடந்து, எடுத்து எறிவதற்குரிய பொருளாக மாறியது. ஆமைக்கு இருந்த சிக்கலில் ஒரு பங்கு, ஐந்தே ஆண்டுகளில் கூம்பாவின் இனத்துக்கும் வந்து சேர்ந்தது.