வடக்கே அனுப்பப்பட்டவை

சாத்தாங்காடு என்றதும் சென்னைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது இரும்பு. கட்டுமானக் கம்பி, தகடு, ஆங்கிள், சேனல், பைப் என்று அடுக்கிவைத்த கிடங்குகள், காது அடைக்கும் வெட்டு இயந்திரங்கள், வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர்கள். பாரிமுனைப் பக்கத்துக் குறுகிய தெருக்களில் லாரி நுழையவும் இடமில்லாமல் நடந்துவந்த மொத்த இரும்பு வணிகத்தை அங்கிருந்து பெயர்த்து வைப்பதற்காகச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த அங்காடி இது. பில்டரும் ஒப்பந்ததாரரும் லாரி டிரைவரும் வருவார்கள். ஊர் பார்க்க இங்கே வருகிறவர் எவரும் இல்லை.

ஆனால் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் பழைய ஆவணங்களைப் புரட்டுகிறவர்கள் சாத்தாங்காட்டைத் தவறவிட முடியாது. 1639-ல் ஒரு மணல் திட்டில் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியிருப்பு அக்கம்பக்கத்து ஊர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தது. முதலில் திருவல்லிக்கேணி. 1693-ல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை. 1708-ல் ஐந்து ஊர்கள் ஒரே கொத்தாகக் கிடைத்தன: திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தாங்காடு. கொடுத்தவர் நவாப் தாவூத் கான். வாங்கியவர் ஆளுநர் தாமஸ் பிட். ஆறு ஆண்டுகளுக்கு முன்புதான் இதே தாவூத் கான் கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டிருந்தார். அவரை எப்படிக் குளிர்விப்பது என்பதைக் கம்பெனி அதற்குள் கற்றுக்கொண்டிருந்தது. பரிசுப் பொருள்களும் ஐரோப்பிய மது வகைகளும் அந்தப் பேரத்தில் பெரும் பங்கு வகித்தன.

நவாபுகள் மாற மாற மனமும் மாறியது. சில ஆண்டுகளிலேயே ஐந்து ஊர்களும் கம்பெனியின் கையை விட்டுப் போயின. டெல்லிக்குப் போன ஜான் சர்மனின் தூதுக்குழு, பேரரசர் ஃபரூக் சியரிடம் 1717-ல் ஃபர்மான் வாங்கிய பிறகே அவை திரும்பக் கிடைத்தன. அப்போதும் காகிதம் மட்டும் போதவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் திருவொற்றியூரில் சிறு சண்டையே நடந்தது. லெப்டினன்ட் ஜான் ரோச் தலைமையில் போன கம்பெனிப் படை ஊரைப் பிடித்தது. அன்று ஒரே சாசனத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்பட்ட ஊர்கள்தான் நுங்கம்பாக்கமும் சாத்தாங்காடும். ஒன்றில் பிற்காலத்தில் தோட்ட பங்களாக்களும் கல்லூரிகளும் எழுந்தன. மற்றொன்றுக்கு இரும்பு வந்தது. வடசென்னையின் முந்நூறு ஆண்டு வரலாற்றை இந்த ஒரு வேறுபாட்டிலேயே தொடங்கலாம்: நகரத்துக்குத் தேவையானவை, ஆனால் நகரத்தின் நடுவில் வைத்துக்கொள்ள முடியாதவை, தொடர்ந்து வடக்கே அனுப்பப்பட்டிருக்கின்றன.

முதலில் அனுப்பப்பட்டவர்களில் நெசவாளர்கள் உண்டு. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலட், புதிதாகக் கைக்கு வந்த திருவொற்றியூரை ஒட்டி நெசவாளர்களுக்கும் சாயக்காரர்களுக்கும் ஒரு பேட்டையை உருவாக்கினார். கம்பெனியின் வணிகமே துணிதான். தறி அருகில் இருந்தால் லாபம். காலட் பேட்டையாக இருந்த அந்த ஊரை மக்களின் நாக்கு காலடிப்பேட்டை ஆக்கிக்கொண்டது. அங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஆளுநரிடம் வேலை பார்த்த வீரராகவன் என்ற பக்தர் தினமும் காஞ்சிபுரம் போய் வரதரைச் சேவித்துவிட்டு வேலைக்குத் தாமதமாக வந்தாராம். அவருடைய பக்தியைச் சோதித்து அறிந்த காலட், வரதரை இங்கேயே எழுந்தருளச் செய்ய உதவினாராம். கதை எப்படியோ, ஒரு வெள்ளைக்கார ஆளுநரின் பெயரைச் சுமந்தபடி பெருமாள் கோயில் கொண்ட ஊர் இது.

ஆனால் கம்பெனி வந்தபோது திருவொற்றியூருக்கு ஏற்கெனவே ஆயிரம் வயது. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம் அது. அறுபத்துமூவரில் ஒருவரான கலிய நாயனார் இந்த ஊர்ச் செக்கு வணிகர். சுந்தரர் சங்கிலியாரை மணந்ததும் இங்கேதான். "உன்னைப் பிரியேன்" என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துவிட்டு, திருவாரூர் நினைவு இழுக்க ஊர் எல்லையைத் தாண்டியபோது அவர் கண்பார்வையை இழந்தார் என்கிறது பெரிய புராணம். மாசிப் பெருவிழாவில் நடக்கும் மகிழடி சேவை அந்தச் சத்தியத்தை ஆண்டுதோறும் நிகழ்த்திக் காட்டுகிறது.

இந்த ஊர்த் தியாகராஜர் கோயிலின் கல்வெட்டுகள் பல்லவர் காலத்தின் இறுதியிலிருந்து தொடங்குகின்றன. அவற்றில் ஒன்று சொல்லும் வாழ்க்கை, நாவலாசிரியர்கள் பொறாமைப்படக்கூடியது. 10ஆம் நூற்றாண்டில் கேரளத்திலிருந்து வந்த வல்லபன் என்ற கற்றறிந்த இளைஞர், சோழ இளவரசர் ராஜாதித்தனின் நெருங்கிய நண்பரானார். 949-ல் தக்கோலத்தில் ராஷ்டிரகூடப் படையுடன் நடந்த போரில், யானை மேலேயே ராஜாதித்தன் கொல்லப்பட்டார். அந்தக் களத்தில் நண்பரோடு சேர்ந்து உயிர்விட முடியாமல் போனது வல்லபனை உலுக்கியது. உலக வாழ்வைத் துறந்து திருவொற்றியூர் வந்து, நிரஞ்சன குருவிடம் துறவு பெற்று, சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு இங்குள்ள மடத்துக்குத் தலைவரானார். இதைச் சொல்லும் கல்வெட்டு, அதே தக்கோலத்தில் வென்ற ராஷ்டிரகூட மன்னர் மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியாண்டைக் குறித்துத் தொடங்குகிறது. தோற்றவனின் நண்பர் கோயிலுக்கு வைத்த நிவந்தம் வென்றவனின் பெயரில் பதிவாயிற்று.

மடம் தொடர்ந்தது. சதுரானன பண்டிதர் என்ற பட்டப் பெயரும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. முதலாம் ராஜேந்திரன் காலத்தில் அப்பெயர் தாங்கிய ஒருவரின் முயற்சியால் கருவறை விமானம் கருங்கல்லில் புதிதாக எழுப்பப்பட்டது. யானையின் பின்புறம் போல வளைந்த தூங்கானை மாட வடிவம். கட்டியவர் பெயரும் கல்லில் உண்டு: ரவி என்கிற வீரசோழத் தச்சன். தமிழகத்தின் எத்தனையோ பெரிய கோயில்களில் மன்னர் பெயர் மட்டுமே மிஞ்சியிருக்க, இங்கே தச்சனின் பெயரும் நிலைத்தது. பிற்காலச் சோழர் காலத்தில் பாணினியின் இலக்கணம் கற்பிக்கத் தனி மண்டபமே இக்கோயிலில் இருந்தது.

கற்றவர்களும் துறவிகளும் பாடகர்களும் அதன் பிறகும் இந்த ஊரை விடவில்லை. பட்டினத்தார் சமாதி கடற்கரையோரத்தில் இருக்கிறது. ஏழுகிணறுப் பகுதியில் வளர்ந்த ராமலிங்க அடிகள் இளம் வயது முதல் இங்கே நடந்து வந்து வழிபட்டார். இக்கோயிலின் வடிவுடையம்மன் மீது அவர் பாடியதுதான் வடிவுடை மாணிக்க மாலை. திருவையாற்றுத் தியாகராஜர் தம் சீடர் வீணை குப்பையரின் அழைப்பில் வந்து, திரிபுரசுந்தரி என்ற பெயரில் இந்த அம்மன் மீது ஐந்து கீர்த்தனைகள் இயற்றினார். குப்பையரின் மகனைச் சங்கீத உலகம் திருவொற்றியூர்த் தியாகய்யர் என்றே அறியும்.

19ஆம் நூற்றாண்டு பிறந்தபோது நகரத்துக்கு விறகும் உப்பும் சுண்ணாம்புச் சிப்பியும் அதிகமாகத் தேவைப்பட்டன. பாசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டினார். 1806-ல் அந்தப் பகுதி முடிந்தது. பழவேற்காடு வழியாக ஆந்திரக் கடற்கரை வரை நீண்ட அதே நீர்வழியில், 1877-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு, பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. ஆளுநரின் பெயரால் அது பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று. எண்ணூர் உப்பளங்களிலிருந்து படகுகள் இதன் வழியேதான் நகரத்துக்குள் வந்தன.

கடல்வழிப் பொருள்களுக்கு வேறு ஏற்பாடு. சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து விலகி நங்கூரமிட, ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்தவை மசூலா படகுகள். ஆணி அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு, அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும். அந்தப் படகுகளை ஓட்டிய கத்தோலிக்கப் படகோட்டிச் சமூகத்தினரின் ஊர்தான் ராயபுரம். தங்கள் உழைப்பிலிருந்து மகமை ஒதுக்கிச் சேர்த்த பணத்தில் அவர்கள் எழுப்பியது புனித ராயப்பர் கோயில். 1829-ல் அது வழிபாட்டுக்கு வந்தது. அரசரோ நவாபோ கம்பெனியோ கட்டிக் கொடுக்காத, கடல் தொழிலாளர்களே கட்டிக்கொண்ட கோயில் அது.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் பார்சிகளின் நெருப்புக் கோயில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை வந்த பார்சிகள் ராயபுரத்தில் இடம் வாங்கினார்கள். கிளப்வாலா குடும்பத்தார் இளம் வயதில் இறந்த மகன் ஜாலின் நினைவாக 1910-ல் இந்தக் கோயிலைக் கட்டினார்கள். தமிழ்நாட்டில் பார்சிகளுக்கு இருக்கும் ஒரே நெருப்புக் கோயில் இதுதான். பிறருக்கு உள்ளே அனுமதி இல்லை. தெருவிலிருந்தே பார்க்க வேண்டும்.

1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அது. 1853-ல் முதல் ரயில் ஓடிய பம்பாயின் பழைய நிலையம் இன்று இல்லை; அதனால் நாட்டில் எஞ்சி நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்ற பெருமை ராயபுரத்துக்கு வந்தது. உயர்ந்த தூண்களோடு நிற்கும் அந்தக் கட்டடத்தின் முக்கியத்துவம் அதிக நாள் நீடிக்கவில்லை. 1873-ல் சென்ட்ரல் வந்தது. பயணிகள் தெற்கே போனார்கள். சரக்கு வடக்கிலேயே தங்கியது.

துறைமுகம் கட்டியதுதான் இந்தக் கரைக்கு நேர்ந்த மிகப் பெரிய மாற்றம். 1875-ல் வேலை தொடங்கியது. முடியும் தறுவாயில் 1881 நவம்பர்ப் புயல் சுவர்களைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். வங்கக் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. துறைமுகச் சுவர் அதை மறித்ததும் தெற்கே மணல் குவிந்தது. உலகம் புகழும் மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்றதால் கடல் நிலத்தைத் தின்னத் தொடங்கியது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை குப்பங்களின் தெருக்கள் கடலுக்குள் போயின. இன்று எண்ணூர் விரைவுச் சாலையோரம் கொட்டிக் கிடக்கும் கருங்கற்கள் அந்தக் கணக்கின் பற்றுப் பக்கம்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஆலைகள் வந்தன. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய தொழில்தான் எம்.ஆர்.எஃப். 1948-ல் ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காக நிறுவப்பட்ட அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அதே ஆண்டு புல்லட் மோட்டார் சைக்கிளுக்காக என்ஃபீல்டு தொழிற்சாலை திருவொற்றியூரில் அமைந்தது. பிரிட்டனில் தாய்க் கம்பெனி மூடிய பிறகும் இங்கே புல்லட் நிற்கவில்லை. 1977-ல் அது பிரிட்டனுக்கே ஏற்றுமதியானது. தீப்பெட்டித் தொழிற்சாலை தன் பெயரை விம்கோ நகருக்குக் கொடுத்தது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும், எண்ணூரில் அனல் மின் நிலையமும் எழுந்தன. 1970-ல் தொடங்கிய அந்த மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. 

துறைமுகமும் ஆலையும் நெரிசலும் உள்ள ஊருக்கு யார் சுற்றுலா வருவார்கள் என்ற கேள்விக்கு மத்தியதரைக் கடலோரம் ஒரு பதில் இருக்கிறது. அல்பேனியா ஒரு காலத்தில் அதிகம் பேர் போகாத நாடாக இருந்தது. அதன் முதன்மைத் துறைமுகம் துரஸ். அங்கே 1966-ல், வீடுகளுக்கு அடியில் புதைந்து கிடந்த ரோமானிய வட்டரங்கு கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாம் நூற்றாண்டுக் கட்டடம். ஒரு பகுதி இன்னும் குடியிருப்புகளின் அடியிலேயே இருக்கிறது. துறைமுகக் கிரேன்களும் அடுக்குமாடிகளும் சூழ்ந்திருக்கின்றன.  ஆனால் அரங்கைப் பார்க்கப் பயணிகள் வருகிறார்கள். ஊர் வாழ்ந்துகொண்டிருக்கும்போதே அதைப் பார்ப்பதற்கு ஒரு வழி செய்யப்பட்டிருக்கிறது.

வடசென்னையில் அந்த வழியின் பாதி ஏற்கெனவே போட்டாயிற்று. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ, கம்பெனித் துணியை வெளுத்தவர்களின் பேட்டையில் புறப்பட்டு, காலட்டின் நெசவாளர் ஊரைத் தாண்டி, கோயில் தேரடியில் நின்று, தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரில் முடிகிறது. காலையில் தேரடியில் இறங்கினால், நடை சாத்துவதற்குள் ராஜேந்திரன் காலத்து விமானத்தைச் சுற்றிவந்து, பட்டினத்தார் சமாதிக்கும் போய்வரலாம். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள் என்றால் கோயில் மூலவர் ஆதிபுரீசுவரரை ஆண்டு முழுவதும் மூடியிருக்கும் கவசமில்லாமல் காணலாம். அன்று வரிசை நீளம், அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். திரும்பும் வழியில் காலடிப்பேட்டை. மதியத்துக்கு மேல் ராயபுரம்: ராயப்பர் கோயில், நெருப்புக் கோயில் தெரு, ரயில் நிலையம். அங்கிருந்து மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேடு பக்கம்தான். மீன் ஏலம் பார்க்க விரும்புகிறவர்கள் மட்டும் பயணத்தைத் தலைகீழாக மாற்றி, விடியலுக்கு முன்பே அங்கிருந்து தொடங்க வேண்டும்.