வாப்பாவின் ஸ்பீக்கர் பெட்டிகளும் ஆயிரம் வோட் அம்ப்பும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

உம்மா மௌத்தான பிறகு வாப்பா எங்களோடு வந்து இருக்கிறார். கஹவத்தை டவுனை ஒட்டிய மேல்மாடி வாடகை வீடு. ஹோல் என்று நாங்கள் சொல்வது பத்தடிக்குப் பன்னிரண்டடி. வாப்பா வரும்போது உடுப்புப் பையோடு இரண்டு மரப் பெட்டிகளையும் கொண்டுவந்தார். 1986இல் ஜித்தாவிலிருந்து கொண்டுவந்த செட்டின் ஸ்பீக்கர்கள். கெசட் பகுதியும் அம்ப்பும் எப்போதோ செத்துவிட்டன. பெட்டிகள் மட்டும் உயிரோடு இருக்கின்றன. பின்பக்கத்து ஸ்டிக்கரில் '8 ஓம், 30 வோட்' என்று இன்னும் வாசிக்கலாம்.

வாப்பாவுக்குக் காது மந்தமாகி வருகிறது. போனில் வானொலி போட்டுக் கொடுத்தால் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, "சத்தம் கேக்குது மகன், சொல்லு விளங்குதில்ல" என்பார். பெட்டிகளுக்கு ஒரு அம்ப் வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். புறக்கோட்டைக்குப் போய், முகப்பில் '1000 வோட்' என்று பெரிதாக எழுதிய, சிகப்பு நீல விளக்கு மினுங்கும் ஒன்றை வாங்கி வந்தோம். ஒன்றுக்கு ஆயிரம் மடங்கு கேட்கும் என்பது எங்கள் கணக்கு. மூன்றாவது வாரம் வலப்பக்கப் பெட்டியின் சின்ன ஸ்பீக்கர், அதாவது டுவீட்டர், எரிந்துபோனது. வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியின் முன்துணியைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

ஆயிரம் வோட் அம்ப், முப்பது வோட் பெட்டியை எரித்துவிட்டது என்று முதலில் நினைத்தோம். நடந்தது அதற்கு நேர்மாறு. அதை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் பின்னால் போகவேண்டியிருந்தது.

அம்ப் செய்கிற வேலை ஒன்றுதான். மெலிந்த மின் சைகையை வாங்கி, அதே வடிவில் பலமாக்கித் தருவது. அந்த வித்தைக்கு வழி திறந்தது 1906இல் அமெரிக்கர் லீ டி ஃபொரஸ்ட் செய்த மூன்று முனை வால்வ். நமது நாட்டுக்கும் அது தாமதிக்காமல் வந்தது. தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக இங்கே வந்த எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கி ஒன்றின் வானொலிக் கருவிப் பாகங்களை வைத்தே கொழும்பில் பரீட்சார்த்த ஒலிபரப்பு நடத்தினார். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமானது. லண்டனில் பிபிசி தொடங்கி மூன்றே வருடம். இரண்டாம் உலகப் போரின்போது நேசப்படைகளுக்காக இங்கே நிறுவப்பட்ட நிலையம் 1949இல் நமது கைக்கு வந்து ரேடியோ சிலோன் ஆனது. ஏக்கலையிலிருந்த அதன் பெரிய ஒலிபரப்பி 100 கிலோவோட் பலம் கொண்டது. இந்தியா முழுக்க அதைக் கேட்டார்கள். மயில்வாகனத்தின் குரலையும் பிறகு கே.எஸ். ராஜாவின் குரலையும் பி.எச். அப்துல் ஹமீதின் குரலையும் தமிழ்நாட்டில் வீட்டு ஆட்களைப் போல அடையாளம் தெரிந்து வைத்திருந்தார்கள்.

அங்கே ஒரு இலட்சம் வோட். இங்கே கேட்பவர் வீட்டு மேசையில் இருந்த வால்வ் ரேடியோ வெளியே தந்தது எவ்வளவு தெரியுமா? மூன்று, நான்கு வோட்.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் லயங்களுக்குக் கரண்ட் வந்தது வெகு பிந்தி. அதற்கு முன் ரேடியோ இருந்தது துரை பங்களாவிலும் கிளாக்கர் ஐயா வீட்டிலும்தான். பச்சைக் கண் ஒன்று மெல்ல விழித்து, வால்வ் சூடாகி, அதன் பிறகே குரல் வரும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வாசலில் முப்பது நாற்பது பேர் குந்தியிருந்து கேட்பார்களாம். கடைசி ஆளுக்கும் சொல் விளங்குமாம். நான்கு வோட்டில்! எங்கள் ஆயிரம் வோட் அம்ப்பில் எட்டடி தூரத்தில் இருக்கிற வாப்பாவுக்கு விளங்கவில்லை.

இந்த முரண்பாட்டுக்கு விடை அம்ப்பில் இல்லை, ஸ்பீக்கரில் இருக்கிறது. ஒரு வோட் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் அளந்தால் எவ்வளவு சத்தம் வருகிறது என்பதை அந்த ஸ்பீக்கரின் உணர்திறன் என்கிறார்கள். வால்வ் காலத்தில் ஒவ்வொரு வோட்டும் விலை கூடிய சரக்கு. அதனால் ஸ்பீக்கர் செய்தவர்கள், கிடைத்த கொஞ்சத்தையும் வீணாக்காமல் சத்தமாக்கும் அகலமான, இலேசான காகிதக் கூம்புகளைப் பெரிய பெட்டிகளில் வைத்தார்கள். 1954இல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் ஏஆர்-1 என்ற சிறிய மூடிய பெட்டியைக் கொண்டுவந்தார். அலுமாரி அளவுப் பெட்டியில் மட்டும் வந்த ஆழமான ஒலி, புத்தகத் தட்டில் வைக்கக்கூடிய பெட்டியில் வந்தது. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. அதே சத்தத்துக்கு அது பல மடங்கு வோட் கேட்டது. அந்த நேரம் பார்த்து டிரான்சிஸ்டரும் மலிவாகி வந்து வோட்டை அள்ளிக் கொடுத்தது. பெட்டி சிறுக்கச் சிறுக்க வோட் பெருத்தது. 'வோட் கூடினால் நல்ல சாமான்' என்ற நமது நம்பிக்கைக்கு அத்திவாரம் அங்கேதான் விழுந்தது.

நமது நாட்டில் இந்த மாற்றம் நேராக வரவில்லை. 1970 முதல் 77 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. அக்காலத்து வீடுகளில் இருந்தது பெரும்பாலும் இங்கேயே பொருத்திய யுனிக் போன்ற ரேடியோக்கள். 77இல் பொருளாதாரம் திறந்தது. கையோடு கையாக மத்திய கிழக்குப் பயணமும் தொடங்கியது. நமது ஆட்கள் வீடு திரும்பும்போது பெட்டியில் ஒரு நெஷனல் பெனசொனிக் இல்லாவிட்டால் அது பயணமே இல்லை. நோன்பு திறக்கும் நேரத்துக்கு முஸ்லிம் சேவையைக் கேட்டதும், நாகூர் ஹனீபாவின் கெசட்டை ரிப்பனே தேயும்வரை போட்டதும் அந்தச் செட்களில்தான். வாப்பாவின் பெட்டிகளும் அந்த அலையில் வந்தவை.

இனி அந்த ஆயிரத்தைப் பார்ப்போம். வோட்டைக் கூட்டிச் சொல்வது புறக்கோட்டையில் பிறந்த வழக்கமல்ல. 1964இல் இங்கிலாந்தில் சின்க்ளேயர் நிறுவனம் எக்ஸ்-10 என்றொரு சிறிய அம்ப்பை விற்றது. பெயரில் 10 இருந்தாலும் அது தந்தது 2.5 வோட்தான். அமெரிக்காவில் இந்த விளையாட்டு எல்லை மீறிப்போய், தொடர்ச்சியாகக் கொடுக்கக்கூடிய வோட்டை அளந்து சொல்லவேண்டும் என்று அந்நாட்டு மத்திய வணிக ஆணைக்குழு 1974இல் விதி கொண்டுவந்தது. அந்த விதி நமது கரைக்கு எட்டவில்லை. இங்கே வந்தது 'பிஎம்பிஓ' என்ற நான்கு எழுத்து. கண்ணிமைக்கும் நேரத்துக்கு வரலாம் என்று கற்பனை பண்ணிய பலத்தைச் சொல்லும் எழுத்து அது. அதற்கென்று ஒத்துக்கொண்ட அளவுமுறை கிடையாது. விரும்பியதை எழுதலாம், எழுதினார்கள். 1978இல் வந்த என்ஏடி 3020 என்ற அம்ப் இதற்கு எதிர்த்திசையில் போனது. பக்கத்துக்கு வெறும் 20 வோட் என்றுதான் அது சொல்லிக்கொண்டது. உலகம் முழுக்க விற்றுத் தீர்ந்தது. இன்றும் அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் ஆயிரத்தின் குட்டு, அதோடு வந்த அடப்டரில் இருந்தது. அதில் எழுதியிருந்தது 12 வோல்ட், 3 அம்பியர். சாதாரண தரப் பிள்ளையைக் கேட்டால் சொல்லும், பன்னிரண்டை மூன்றால் பெருக்கினால் 36 வோட். சுவரிலிருந்து 36 வோட் மட்டும் எடுக்கிற சாமான் எப்படி 1000 கொடுக்கும்? அதற்கும் மேலே போகலாம். 12 வோல்ட்டில் ஓடும் இந்த வகை அம்ப் 8 ஓம் பெட்டிக்குச் சுத்தமாகக் கொடுக்கக்கூடியது, வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, ஓமின் இரு மடங்கால் பிரித்தால் வரும் எண். 144ஐ 16ஆல் பிரித்தால் 9. பக்கத்துக்கு ஒன்பது வோட்! காசு கொடுக்க முன் அடப்டரைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். ஆசிரியர் என்று கையெழுத்துப் போடுகிற எங்களுக்கே அது தோன்றவில்லை.

ஒன்பது வோட் கெட்டதல்ல. கிளாக்கர் ஐயாவின் ரேடியோவை விட இரு மடங்கு. ஆனால் வாப்பாவின் பெட்டி அந்தக் காலத்துப் பெட்டி அல்ல. சொல் விளங்காததால் அவர் வோல்யூமை இன்னும் இன்னும் திருப்பினார். அம்ப்பிடம் இருப்பதை விடக் கூடுதலாகக் கேட்டால், ஒலி அலையின் தலையையும் காலையும் வெட்டித் தட்டையாக்கித் தருகிறது. அப்படி வெட்டுப்பட்ட அலையில் கீச்சுப் பகுதி அளவுக்கு மிஞ்சி இருக்கும். அது போய்ச் சேர்வது டுவீட்டருக்கு. எரிந்தது அதனால்தான். பெரிய அம்ப் அல்ல, பலமில்லாத அம்ப்பே பெட்டியைக் கொன்றது.

இந்த இடத்தில்தான் வாப்பா சொன்ன வார்த்தை எங்களுக்கு உறைத்தது. சத்தம் கேட்கிறது, சொல் விளங்குவதில்லை. நூறு வருடத்துக்கு முன் அமெரிக்கத் தொலைபேசிக்காரர்களின் முறைப்பாடும் இதுவேதான். தூர இடத்துக்குப் பேச்சை அனுப்ப வழியெல்லாம் அம்ப் வைத்தார்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் கெடுத்து, கடைசியில் சத்தம் வந்தது, சொல் கலங்கிப்போனது. பெல் ஆய்வுகூடத்து ஹரல்ட் பிளாக்குக்கு 1927 ஓகஸ்ட் 2 காலை, வேலைக்குப் போக ஹட்சன் ஆற்றைக் கடக்கிற படகில் விடை தோன்றியது. கையிலிருந்த நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகைத் தாளிலேயே வரைந்துவிட்டார். வெளியே போகிற ஒலியில் ஒரு துளியைத் திருப்பி உள்ளே எடுத்து, வந்ததோடு ஒப்பிட்டுப் பிழையைக் கழித்துவிடுவது. கொப்பியைத் திருத்திப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுப்பது மாதிரி. பலத்தில் ஒரு பங்கை இழந்து சுத்தத்தை வாங்குகிற வியாபாரம் அது. இன்று வருகிற அம்ப்களில் பெரும்பாலானவை அந்த வழியில்தான் வேலை செய்கின்றன.

வயதோடு போகிற காதில் முதலில் போவது கீச்சொலிகள். 'ச', 'த', 'ப' என்று சொல்லைப் பிரித்துக்காட்டும் ஓசைகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. வோல்யூமைக் கூட்டினால் அடித்தொண்டை ஒலிதான் ஹோலை நிரப்பும். வாப்பாவுக்குத் தேவைப்பட்டது வோட் அல்ல, நல்ல டுவீட்டரும் வெட்டுப்படாத ஒலியும்.

அப்படியானால் எத்தனை வோட்? வோட்டை இரு மடங்காக்கினால் ஏறுவது 3 டெசிபெல் மட்டும், காதுக்குக் கொஞ்சம் கூடியது போல் தெரியும். இரு மடங்கு சத்தமாகக் கேட்கவேண்டும் என்றால் பத்து மடங்கு வோட் வேண்டும். வாப்பாவினது போன்ற பெட்டி ஒரு வோட்டுக்கு 87 டெசிபெல் அளவில் தரும் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணப் பேச்சு 60 அளவில். பத்தடிக்குப் பன்னிரண்டடி ஹோலில் அன்றாடக் கேட்டலுக்கு ஒரு வோட்டே ஓடாது. பாட்டில் திடீரென எழும்பும் இடங்களுக்கு மட்டும் இருபது, முப்பது கையிருப்பில் இருக்கவேண்டும்.

இரண்டு வழி இருந்தது. ஜப்பானிலிருந்து வருகிற பாவித்த அம்ப்கள் பார்க்க ஆசையாக, கனமாக இருக்கும். ஆனால் பின்பக்கத்தை வாசியுங்கள். அந்நாட்டுப் பாவனைக்குச் செய்தவை 100 வோல்ட். நமது 230இல் நேரே குத்தினால் புகைதான். இறக்கி மாற்றும் டிரான்ஸ்ஃபோமர் தனியாக வாங்கவேண்டும். மற்றது, இப்போது வருகிற டீ வகுப்புச் சின்ன அம்ப். அன்று சின்க்ளேயருக்குக் கைகூடாத அதே வித்தை இன்று நகத்தளவு சிப்பில் ஒழுங்காக நடக்கிறது. டிபிஏ3116 என்ற சிப் உள்ள ஒன்றை எடுத்தோம். 24 வோல்ட்டில் 8 ஓமுக்குப் பக்கத்துக்கு 30 வோட் அளவில் தரும். அடப்டரை மட்டும் தனியே, 24 வோல்ட் 5 அம்பியர் என்று பார்த்து வாங்கினோம். உள்ளங்கை அளவுதான். விளக்கு மினுங்காது. டுவீட்டரை இரு பக்கமும் மாற்றினோம். ஒன்றை மட்டும் மாற்றினால் இரு காதுக்கும் இரு ஊர்ச் சத்தம் வரும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கீழ்வீட்டில் ஒரு சிங்களக் குடும்பம், கைக்குழந்தை இருக்கிறது. முதல் அம்ப் ஓடிய மூன்று வாரமும் அவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒலிபெருக்கி பற்றி 2007 நவம்பரில் நமது உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு, வெலிகமவில் ஒரு பள்ளிவாசல் சம்பந்தமான வழக்கில் வந்தது. இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாக அனுமதி கொடுக்கக்கூடாது என்றது. அப்போது ஊரில் பலருக்கு மனத்தாங்கல் இருந்ததும் தெரியும். வீட்டு அம்ப்புக்கு யாரும் அனுமதி கேட்பதில்லைதான். ஆனால் அடியொலி கொங்கிறீட் தளத்தால் இறங்கிப் போகும், தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்குக் கேட்கும். பெட்டிகளைத் தரையிலிருந்து எடுத்து முக்காலியில் வைத்து, அடியில் பழைய பாட்டா செருப்பை வெட்டி வைத்தோம். றப்பர் விளைகிற ஊர் நம்முடையது, அந்த வேலைக்கு வேறு சாமான் தேடவேண்டியதில்லை. போன கிழமை கீழ்வீட்டு அம்மா படியேறி வந்து பழைய சிங்களப் பாட்டு ஒன்று போடச் சொன்னார்.

வாப்பா இப்போது வோல்யூமைக் கால்வாசிக்கு மேல் திருப்புவதில்லை. நேற்று செய்தி கேட்டுக்கொண்டிருந்தவர், வாசிக்கிறவர் ஒரு ஊர்ப்பேரைப் பிழையாகச் சொல்லிவிட்டார் என்று எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கஹவத்தை, பெல்மதுளை, கொடகவெலப் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது வால்வ் ரேடியோ, யுனிக் செட் கிடந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை. எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திறந்து காட்டிவிட்டுத் திருப்பித் தருகிறோம். கீழே எழுதுங்கள், வந்து பார்க்கிறோம்.