பக்காராவின் பளிங்கு

பிரான்சு நாட்டின் கிழக்கே, லொரேன் பகுதியில், மேர்த் ஆற்றின் கரையில் பக்காரா என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரின் பெயர் இன்று உலகச் செல்வர்களின் விருந்து மேசைகளில் பளிங்குக் கிண்ணமாகவும் மாளிகைக் கூரைகளில் சரவிளக்காகவும் ஒளிர்கிறது. அந்த ஒளிக்கு எவரெவர் என்னென்ன விலை கொடுத்தனர் என்பதை வாசகர்கள் அறிதல் வேண்டும்.

ஏழாண்டுப் போர் 1763-இல் முடிந்தபோது பிரெஞ்சுக் கருவூலம் வெறுமையாகிக் கிடந்தது. மெட்ஸ் நகர ஆயர் மொன்மொரான்சி-லவாலுக்கோ பக்காராவைச் சூழ்ந்து பெருங்காடுகள் இருந்தன. விறகை வாங்குவோர் இல்லை. மரவெட்டிகள் வேலையிழந்து நின்றனர். பொஹீமியாவிலிருந்து கண்ணாடிப் பண்டங்கள் வந்து குவிவதால் நாட்டின் பணம் வெளியேறுகிறது, இங்கேயே ஓர் ஆலை வேண்டும் என்று ஆயர் பதினைந்தாம் லூயி மன்னனுக்கு விண்ணப்பித்தார். 1764-இல் அனுமதி கிடைத்தது. விறகு சூளைக்கு எரிபொருளாயிற்று. மரச்சாம்பலிலிருந்து எடுத்த பொட்டாசு மணலை உருக்க உதவிற்று. ஆயரின் காடு இவ்வாறு இருமுறை விலைபோயிற்று.

ஆயரின் கோரிக்கையில் அவரது சொந்த இலாபம் கலந்திருந்தது உண்மையே. எனினும் அதிலிருந்த பொருளியல் அறிவை நாம் எள்ளி நகையாட இயலாது. நமது திருகோணமலை மாவட்டத்தின் வடகோடியில் புல்மோட்டை இருக்கிறது. அதன் கனிய மணலுக்கென அரசு 1957-இல் ஒரு கூட்டுத்தாபனம் அமைத்தது. அங்கு அள்ளிய இல்மனைற்று பெரும்பாலும் மணலாகவே கப்பலேறியது. அத்தகைய மணலிலிருந்து பிறநாட்டார் ஆக்கும் வெள்ளைப் பூச்சைப் பணம் கொடுத்து வாங்குகிறோம். பதினெட்டாம் நூற்றாண்டின் ஒரு பாதிரியார் கண்ட கணக்கு, வெருகலில் வாழும் எமக்கும் அந்நியமானதன்று.

தொடக்கத்தில் பக்காரா செய்தது சாதாரணக் கண்ணாடியே. பளிங்கின் இரகசியம் ஆங்கிலேயரிடம் இருந்தது. கப்பல் கட்ட மரம் வேண்டுமென்று இங்கிலாந்து அரசு 1615-இல் கண்ணாடிச் சூளைகளில் விறகெரிப்பதைத் தடுத்தது; நிலக்கரிக்கு மாறிய அந்நாட்டில், 1674-இல் ஜோர்ஜ் ரேவன்ஸ்குரொப்ட் என்பவர் புதுவகைப் பளிங்கிற்கு உரிமை பெற்றார். கலவையில் ஈயம் சேர்ப்பதே அதன் சூட்சுமமாயிற்று. ஒரு நூற்றாண்டு கழித்து, லொரேனிலேயே உள்ள சென்-லூயி ஆலை அம்முறையைக் கண்டுகொண்டது. பாரிஸ் விஞ்ஞானக் கழகம் அதனை ஏற்றது 1782-இல். அதே ஆண்டில்தான் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவன் சுஃப்ரென் திருகோணமலைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தான். துறைமுகம் பிரெஞ்சுக்காரரிடம் நெடுநாள் நிலைக்கவில்லை, பளிங்கு நிலைத்தது.

பக்காராவுக்குப் பளிங்கு வந்தது நெப்போலியனின் வீழ்ச்சியால். தார்த்தீக் என்ற தொழிலதிபரின் வொனேஷ் ஆலை, 1815-இல் எல்லைகள் மாறியதும் பிரான்சுக்கு வெளியே போயிற்று. சுங்கவரி அவரை நெரித்தது. பிரெஞ்சு மண்ணில் ஆலை நிறுவினால் சலுகை என்று பேசி முடிக்கப்பட, 1816-இல் பக்காராவை வாங்கினார். மூன்று பங்கு மணல், இரண்டு பங்கு ஈயக்கலவை, ஒரு பங்கு பொட்டாசு: இதுவே பளிங்கின் பழைய கணக்கு. ஒளியை வளைப்பதும், தட்டினால் மணிபோல் ஒலிப்பதும், பட்டை தீட்ட இசைவதும் அந்த ஈயத்தாலே.

ஆனால் ஈயம் ஒளியை மட்டுமா தந்தது? கலவை சேர்ப்போரும், சக்கரத்தில் மெருகேற்றுவோரும் அதன் தூளைச் சுவாசித்தனர். ஈறுகளில் நீலக்கோடு, குடலை முறுக்கும் வலி, இறுதியில் மணிக்கட்டுத் தளர்ந்து கை தொங்கிப்போதல் — கைத்திறனே சோறான மனிதனுக்கு வேறென்ன தண்டனை வேண்டும்? ஈய நஞ்சைத் தொழில்நோயென ஏற்று நட்டஈட்டுக்கு வழிசெய்யும் சட்டம் பிரான்சில் 1919-இல்தான் வந்தது.

உலையில் குழம்பு பதமாகும் நேரத்தை எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகவே தொழிலாளரின் வீடுகள் ஆலை வளவுக்குள்ளேயே கட்டப்பட்டன. மணி ஒலித்தால், நள்ளிரவாயினும் எழுந்தோட வேண்டும். பள்ளியும் நோய்க்கால நிதியும் நிர்வாகம் அமைத்துக் கொடுத்தது. அக்காலத்து மற்றைய ஆலைகளோடு ஒப்பிட்டால் இது சிறிய நன்மையன்று. ஆயினும் வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில் வாழ்பவன் முதலாளியின் முன் எவ்வளவு உரத்துப் பேசுவான்?

பக்காராவின் புகழ்பெற்ற 'ஆர்க்கூர்' கிண்ணம் 1841-இல் பிறந்தது. பட்டை தீட்டிய கனத்த தண்டும் அறுகோண அடியும் உடைய அக்கிண்ணம் இன்றும் செய்யப்படுகிறது. அதே 1841-இல் பிரான்சின் முதற் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் பிறந்தது. எட்டு வயதுக்குக் குறைந்தோரை ஆலையில் சேர்க்கலாகாது. எட்டு முதல் பன்னிரண்டு வயதுவரை நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலை. அதன்மேல் பதினாறு வயதுவரை பன்னிரண்டு மணி. அணையாது எரியும் உலைகளுக்கு இரவு வேலையில் விலக்கும் தரப்பட்டது. கண்ணாடி ஆலைகளிலே ஊதுவோனின் கையிலிருந்து சூடான பண்டத்தை வாங்கி ஆற்றும் சூளைக்கு ஓடியவர்கள் இச்சிறுவர்களே. சம்பளம் பெறும் மேற்பார்வையாளரை நியமிக்க அரசுக்கு 1874 வரை மனம் வரவில்லை.

இனி 1896-ஐப் பார்ப்போம். அவ்வாண்டு மே மாதம் மொஸ்கோவில் ஸார் இரண்டாம் நிக்கலஸின் முடிசூட்டு விழா. கொடின்கா வெளியில் ஏழை மக்களுக்கு ஓர் எனாமல் குவளையும் சிறிது தின்பண்டமும் வழங்குவதாக அறிவித்தனர். அதற்காக நெருக்கியடித்த கூட்டத்தில் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்டோர் மிதிபட்டு மாண்டனர். அதே ஸார் அக்டோபரில் பாரிஸுக்கு எழுந்தருளினான். ருஷ்ய அரசவை பக்காராவின் தலையாய வாடிக்கையாளர்களுள் ஒன்று. 79 விளக்குகள் ஏந்திய ஆளுயரத்தை மிஞ்சும் பளிங்குத் தண்டு இன்றும் ஸாரின் பெயராலேயே வழங்குகிறது.

அந்த அக்டோபரிலேயே, தெற்கே அல்பி நகரில் வேறொரு சூளை மூட்டப்பட்டது. கார்மோ ஊரின் போத்தல் ஆலையில் தொழிற்சங்கத் தலைவர்களை வேலை நீக்கியதால் 1895-இல் வேலைநிறுத்தம் மூண்டது. முதலாளி ரெசெகியே கதவடைத்தார். தோற்ற தொழிலாளர் கலைந்து போகவில்லை. பொதுவுடைமைத் தலைவர் ஜான் ஜோரெஸ் துணைநிற்க, நாடெங்குமிருந்த சங்கங்களின் நிதியைத் திரட்டித் தமக்கென ஓர் ஆலையைத் தம் கைகளாலேயே எழுப்பினர். அங்கே பளிங்கு இல்லை, அரசர்க்குச் சரவிளக்கு இல்லை; செய்தது வெறும் போத்தல். பல பத்தாண்டுகள் அவ்வாலை தொழிலாளருடையதாகவே நின்று, பின்னரே பெருநிறுவனம் ஒன்றின் கைக்குப் போயிற்று.

பக்காராவின் உடைமையாளரும் மாறினர். 2005-இல் அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஒன்று வாங்கியது. 2018-இல் சீன முதலீட்டாளர் கைக்குப் போயிற்று. 2020-இல் நீதிமன்றம் நிர்வாகிகளை அமர்த்த, பின்னர்க் கடன் கொடுத்தோர் உடைமையாளராயினர். பங்குகள் கண்டம்விட்டுக் கண்டம் பறந்தன. சூளை மேர்த் ஆற்றங்கரையிலேயே எரிகிறது. பளிங்கை ஊதுவோர் இன்றும் அதன் முன்னேதான் நிற்கின்றனர்.