டி-ஷர்ட்டைக் கழற்றினால் 'பட பட', கதவைத் தொட்டால் 'சுரீர்'... துணியில் ஷாக் அடிப்பது ஏன்?

போன பிப்ரவரியில் ஒரு வேலையாக பெங்களூரு போயிருந்தேன். தங்கியிருந்த அறையில் லைட்டை அணைத்துவிட்டு, பாலியெஸ்டர் ஸ்வெட் ஷர்ட்டை தலைவழியாகக் கழற்றினேன். 'பட பட'வென்று சத்தம். இருட்டில் குட்டிக் குட்டியாக நீல நிறப் பொறிகள் வேறு! தலைமுடி எல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. கதவைத் திறக்கலாம் என்று கைப்பிடியைத் தொட்டால்... சுரீர்!

உங்களுக்கும் இது நடந்திருக்கும். ஆபீஸில் சேரில் இருந்து எழுந்ததும் சக ஊழியர் மேல் கை பட்டு, "ஏய், ஷாக் அடிக்குதுடா!" என்று இருவரும் கத்தியிருப்பீர்கள். இதற்குப் பெயர்தான் ஸ்டேட்டிக். பாடப்புத்தகத் தமிழில் நிலை மின்சாரம்.

உள்ளே என்னதான் நடக்குது?

பள்ளியில் பிளாஸ்டிக் சீப்பைத் தலையில் தேய்த்து, காகிதத் துண்டுகளை இழுத்து விளையாடியது நினைவிருக்கிறதா? அதே கதைதான். இரண்டு வெவ்வேறு பொருள்கள் உரசிப் பிரியும்போது, ஒன்றில் இருந்து மற்றொன்றுக்கு எலெக்ட்ரான்கள் தாவும். கொடுத்த பொருளில் நேர் மின்னூட்டம் சேரும், வாங்கிய பொருளில் எதிர் மின்னூட்டம் சேரும்.

கம்பளி, நைலான், நம் தலைமுடி எல்லாம் கொடுக்கிற கட்சி. பாலியெஸ்டர் வாங்கிக்கொள்கிற கட்சி. அதனால்தான் கம்பளி ஸ்வெட்டருக்கு உள்ளே பாலியெஸ்டர் டி-ஷர்ட் போட்டால் 'பட பட' அதிகம். இப்படி உடம்பில் சேர்ந்த மின்னூட்டம், நீங்கள் உலோகத்தைத் தொட்டதும் ஒரே பாய்ச்சலில் வெளியேறும். அந்த நொடிதான் 'சுரீர்'.

நாம் உணரக்கூடிய அளவுக்கு ஷாக் அடிக்க ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். 'வீட்டு பிளக்கிலேயே 230 வோல்ட்தானே, அப்போ நான் எப்படி உயிரோட இருக்கேன்?' என்று பதற வேண்டாம். வோல்ட் அதிகம் என்றாலும், உடம்பில் சேர்ந்திருக்கும் மின்னூட்டம் மிகமிகக் குறைவு. கண் இமைப்பதற்குள் தீர்ந்துவிடும். பிளக்கில் அப்படி இல்லை, மின்சாரம் வந்துகொண்டே இருக்கும்.

சென்னையில் ஏன் அவ்வளவாகத் தெரிவதில்லை?

காரணம், நாம் தினமும் திட்டும் அந்தப் புழுக்கம்தான். காற்றில் ஈரப்பதம் இருந்தால், துணியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் உட்காரும். மின்னூட்டம் அதன் வழியே சத்தமில்லாமல் கசிந்துவிடும். ஈரப்பதம் 40 சதவிகிதத்துக்குக் கீழே போனால்தான் தொல்லை ஆரம்பம். பிப்ரவரி, மார்ச் மாத பெங்களூரு, நாள் முழுக்க ஏசி ஓடும் கார்ப்பெட் போட்ட ஆபீஸ், விமானத்தின் உள்பகுதி எல்லாம் இந்த ரகம். கனடா, ஜெர்மனி என்று படிக்கப் போனவர்களைக் கேட்டுப்பாருங்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் எதைத் தொட்டாலும் ஷாக்தான்.

துணியும் முக்கியம். சாதாரண சூழலில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவிகிதம் அளவுக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டரோ அரை சதவிகிதம்கூட வைத்துக்கொள்ளாது. காட்டன் சட்டைக்காரர் தப்பிப்பதும், ஜிம் டி-ஷர்ட்காரர் மாட்டுவதும் இதனால்தான்.

விளையாட்டு வினையாகும் இடங்கள்

விரலில் சுரீர் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை.

பெட்ரோல் பங்க்: பெட்ரோல் ஆவி தீப்பற்ற ஒரு மில்லி ஜூலில் கால் பங்கு ஆற்றல் போதும். நீங்கள் உணரும் ஸ்டேட்டிக் பொறியில் அதைவிட அதிகமாகவே இருக்கும். அமெரிக்காவில் தாங்களே பெட்ரோல் போட்டுக்கொள்பவர்கள், நடுவில் காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவந்து குழாயைத் தொட்டபோது தீப்பிடித்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. சீட்டில் துணி உரசியதுதான் காரணம். நம் ஊரில் ஊழியர்தான் போடுகிறார் என்றாலும், பெட்ரோல் போடும்போது பைக்கில் இருந்து இறங்கி நில்லுங்கள்.

பட்டாசு ஆலை: சிவகாசியில் மருந்து கையாள்பவர்கள் பருத்தி உடைதான் உடுத்த வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. அங்கே நைலான், பாலியெஸ்டர் உடை என்பது ஃபேஷன் விஷயம் அல்ல, உயிர் விஷயம்.

எலெக்ட்ரானிக்ஸ்: லேப்டாப்பைத் திறந்து ரேம் மாற்றும் பழக்கம் உண்டா? நமக்கு உணரவே முடியாத 100 வோல்ட்கூட சில சிப்களைக் காலி செய்துவிடும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தோழியிடம் கேட்டால், மணிக்கட்டில் மாட்டும் எர்த் பட்டை பற்றிச் சொல்வார். நீங்கள் வீட்டில் செய்வதென்றால் காட்டன் சட்டையில், கார்ப்பெட் இல்லாத தரையில் உட்காருங்கள். சிப்பைத் தொடும் முன் எர்த் உள்ள உலோகத்தை ஒருமுறை தொட்டுவிடுங்கள்.

சரி, எப்படித் தப்பிப்பது?

* கதவைத் தொடும் முன் சாவியாலோ நாணயத்தாலோ தொடுங்கள். பொறி சாவியின் முனையில் பாய்ந்துவிடும், விரலில் சுருக்கென்று குத்தாது.

* காரில் இருந்து இறங்கும்போது, சீட்டில் இருந்து எழும் முன்பே கதவின் உலோகப் பகுதியைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள்.

* சிந்தெடிக் புடவை காலோடு ஒட்டுகிறதா? பாலியெஸ்டர் இன்ஸ்கர்ட்டுக்குப் பதில் காட்டன் இன்ஸ்கர்ட் கட்டுங்கள். அவசரத்துக்கு, ஈரக்கையால் துணியின் உள்பக்கம் லேசாகத் தடவிவிட்டால் போதும்.

* வறண்ட தோலில் மின்னூட்டம் தங்கும். குளித்ததும் மாய்ஸ்சரைசரோ தேங்காய் எண்ணெயோ தடவலாம். முடி பறந்தால் பிளாஸ்டிக் சீப்பை ஓரம்கட்டி மரச்சீப்பு எடுங்கள்.

* டிரையரில் துணியை மொறுமொறுவென்று காயவிடாதீர்கள். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் ஸ்டேட்டிக்கைக் குறைக்கும். ஆனால், துண்டுகளுக்கு வேண்டாம். ஈரம் உறிஞ்சும் தன்மை குறைந்துவிடும்.

இதை மட்டும் மறக்காதீங்க!

எல்லா ஷாக்கையும் ஸ்டேட்டிக் என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்டேட்டிக் ஒரே ஒரு முறை 'சுரீர்' என்று அடித்து முடிந்துவிடும். உடனே மறுபடி தொட்டால் ஒன்றும் இருக்காது. ஆனால் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், கிரைண்டர், பாத்ரூம் குழாய் என எதையாவது தொடும்போதெல்லாம் 'கிர்ர்ர்' என்று விறுவிறுப்பு இருந்தால், அது மின்கசிவாக இருக்கலாம். "லைட்டா தானே அடிக்குது" என்று ஹாஸ்டலிலும் வாடகை வீட்டிலும் செருப்பைப் போட்டுக்கொண்டு சமாளிப்பவர்கள் நிறைய பேர். அந்த 'லைட்டா', தரை ஈரமாக இருக்கும் ஒரு நாளில் உயிரைப் பறித்துவிடும்.

இரண்டாவது முறை தொட்டு சோதித்துப் பார்க்கக்கூட வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா, மின்கசிவைக் கண்டதும் சப்ளையைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஹவுஸ் ஓனர் தள்ளிப்போட்டால் விடாமல் கேளுங்கள்.

டி-ஷர்ட்டில் பொறி பறந்தால் இருட்டில் ரசித்துவிட்டுத் தூங்கலாம். வாஷிங் மெஷினில் விறுவிறுத்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுவிடுங்கள்!