கல்லறையில் மாறிப்போன சுருள்

சுவிட்சர்லாந்தில் பாசெல் என்று ஓர் ஊர். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அது 'பால்'. அங்குள்ள பெரிய தேவாலயத்தின் சுற்று மண்டபத்தில் கணித மேதை ஜேக்கப் பெர்னூலியின் நினைவுக்கல் இருக்கிறது. 1705-இல் காலமானவர். கல்லின் அடிப்பகுதியில் ஒரு சுருள் செதுக்கியிருக்கிறார்கள். அவர் ஆசைப்பட்ட சுருள் அது அல்ல!

சுருளில் இரண்டு வகை உண்டு. நீங்களே வரைந்து பார்க்கலாம். ஒரு தாளில் மையப்புள்ளி வைத்து, 30 பாகைக்கு ஒன்றாக 12 கோடுகள் போடுங்கள். முதல் கோட்டில் 5 மி.மீ. தூரத்தில் ஒரு புள்ளி, அடுத்ததில் 10, பிறகு 15 என்று ஒரே அளவைக் கூட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். புள்ளிகளை இணைத்தால் கொசுவர்த்தி வந்துவிடும். வளையங்களுக்கு நடுவே இடைவெளி மாறாது. ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் ஆர்க்கிமிடீஸ் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார்.

இனி கூட்ட வேண்டாம், பெருக்குங்கள். 10 மி.மீ., 11, 12.1 என்று ஒவ்வொரு கோட்டிலும் 1.1 மடங்கு. ஒரு சுற்று முடிவதற்குள் தூரம் மூன்று மடங்கைத் தாண்டிவிடும். நாட்டிலஸ் என்ற கடல் உயிரின் ஓட்டை நெடுக்காக அறுத்தால் ஏறக்குறைய இந்த உருவம்தான் தெரியும். மையத்திலிருந்து எந்தக் கோடு இழுத்தாலும் இந்த வளைவை ஒரே கோணத்தில் வெட்டும். பிரெஞ்சு அறிஞர் தெகார்த் 1638-இல் மெர்சென் பாதிரியாருக்கு எழுதிய கடிதத்தில் இந்த வளைவைப் பற்றிப் பேசுகிறார்.

அந்த உயிர் தன் ஓட்டின் வாய்ப்பக்கத்தில் மட்டுமே புதிதாகச் சேர்த்து வளர்கிறது. பழைய பகுதி அப்படியே இருக்கும். ஓடு பெரிதாகும், வடிவம் மாறாது. பெர்னூலி மயங்கியது இதில்தான். 'அற்புதச் சுருள்' என்று பெயரிட்டார். மனித உடல் எத்தனை மாற்றம் கண்டாலும், மரணத்துக்குப் பின்னும், பழையபடி எழும் என்ற தம் நம்பிக்கைக்கு இதை அடையாளமாகக் கண்டார். மாறினாலும் அதே உருவில் மீண்டெழுகிறேன் என்ற பொருளில் ஒரு லத்தீன் வரியோடு இதைத் தம் கல்லறையில் பொறிக்க விரும்பினார்.

வரி சரியாக வந்துவிட்டது. சிற்பி செதுக்கியதோ ஆர்க்கிமிடீஸின் கொசுவர்த்தி!

ஆர்க்கிமிடீஸும் தம் கல்லறைக்கு ஓர் உருவம் கேட்டவர்தான்: உருளையும் அதற்குள் ஒரு கோளமும். முட்புதர் மூடிக் கிடந்த அந்தக் கல்லறையை கி.மு. 75-இல் சிசரோ கண்டுபிடித்தார். இன்று அது இருக்குமிடம் தெரியாது. அவருடைய சுருள் மட்டும் வேறொருவர் கல்லில் பத்திரமாக இருக்கிறது.

அலுவலகக் கோப்பில் பிழை நேர்ந்தால் திருத்த ஆணை போடுவோம். கல்லில் அது நடக்காது. படியெடுப்பவருக்குக் கை நேர்த்தி மட்டும் போதாது, எதைப் படியெடுக்கிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சிற்பிக்கு யாராவது ஒரு நத்தை ஓட்டைக் காட்டியிருக்கலாம்.