கலப்பை தூங்குற நாள்

கார்த்திகை மாசம், கார்த்திகை நட்சத்திரம், பௌர்ணமியை ஒட்டின நாள். பட்டணத்துல இருக்கற உங்களுக்கு அது வாசல்ல நாலு அகல், டிவியில திருவண்ணாமலை தீபம், அவ்வளவுதான். எங்க உறையூர்ப் பக்கம் இந்த ஒரே நாளுக்கு எத்தனை பேர் சொந்தம் கொண்டாடறாங்கன்னு எண்ண ஆரம்பிச்சா விரல் போதாது.

சைவர்களுக்கு அது அடிமுடி காணாத நெருப்புத் தூண். முருகனைக் கும்பிடறவங்களுக்கு அவனை வளர்த்த ஆறு கார்த்திகைப் பெண்கள். மலைக்கோட்டை உச்சியில கொப்பரைத் தீபம் எரியும். ஆத்தைத் தாண்டினா ஸ்ரீரங்கம். திருமங்கையாழ்வார் பிறந்த நட்சத்திரமும் இதேதான். நம்பெருமாள் எழுந்தருளி சொக்கப்பனை எரியறதைப் பார்த்த பிறகு ஸ்ரீமுகப் பட்டயம் வாசிப்பாங்க. மார்கழியில திருவாய்மொழி கேட்கறதுக்காக ஆழ்வார்திருநகரியில இருக்கற நம்மாழ்வாருக்குப் பெருமாள் அனுப்பற ஓலை அது. கூட்டம் அலைமோதற வைகுண்ட ஏகாதசிக்கு அழைப்பு போறது இந்த நாள்லதான்.

கணம்புல்ல நாயனார் குருபூசையும் அன்னைக்கே. இந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இருந்த சொத்தெல்லாம் கரைஞ்ச பிறகு, சிதம்பரத்துல கணம்புல்லை அறுத்து வித்து, அந்தக் காசுல நெய் வாங்கி விளக்கு ஏத்தினவர். ஒருநாள் புல்லு விலை போகலை. புல்லையே வெச்சு எரிச்சார். அதுவும் வழக்கமா எரிக்கிற நேரத்துக்குக் காணலை. தன் தலைமுடியையே கொளுத்தினார்னு பெரியபுராணம் சொல்லுது. அறுத்ததைச் சந்தைக்குக் கொண்டுபோய் விலை போகாம திருப்பிக் கொண்டுவந்தவனுக்கு இது வெறும் பக்திக் கதையா தெரியாது.

2024ல கார்த்திகை தீபம் டிசம்பர் 13ல வந்துச்சு. அதே நாள் சுவீடன்ல லூசியா திருநாள். பொண்ணுங்க தலையில மெழுகுவத்திக் கிரீடம் வெச்சு, வெள்ளை உடுப்புல பாடிக்கிட்டு வருவாங்க. பழைய பஞ்சாங்கப்படி அதுதான் அங்க வருஷத்துலயே நீளமான ராத்திரியாம். இருட்டுக்கு விளக்கு ஏத்தறாங்க, புரியுது. நம்ம ஊர்ல எதுக்கு?

அதுக்குப் பதில் அகநானூறு 141ஆம் பாட்டுல இருக்குன்னு நான் நினைக்கிறேன். நக்கீரர் பாடினது. மழை ஓஞ்சிருக்கு, கலப்பை தூங்குது, முழுநிலா ஆறு மீன் கூட்டத்தோட சேருது, பழைய ஊரோட தெருவெல்லாம் விளக்கும் மாலையும். அடிமுடிக் கதையோ ஆழ்வாரோ அதுல கிடையாது. நெல்லுக்கதிரை முறிச்சுப் பச்சை அவல் இடிக்கிற உலக்கைச் சத்தத்துக்குக் கொக்கு பயந்து பறக்குது. அந்த வயல் கரிகால் சோழனோட இடையாறு. இன்னைக்கும் கார்த்திகைன்னா நாங்க அவலும் பொரியும்தான் வெல்லம் போட்டு உருட்டறோம். சம்பா நட்டாச்சு, பயிர் சூல் பிடிக்கிற நேரம், ஏருக்கு வேலையில்ல. வேலை ஓஞ்சவன் ஏத்தின விளக்குதான் முதல்ல இருந்தது, கதைகள் ஒவ்வொண்ணா அப்புறம் வந்து அந்த வெளிச்சத்துல உக்காந்துச்சுங்கறது என் கணக்கு. சொக்கப்பனைச் சாம்பலைக் கொண்டுபோய் வயல்ல போடற வழக்கமும் அதைத்தான் காட்டுது.

மறுநாள் ரோகிணி. அது உறையூருக்கே உரிய நாள், திருப்பாணாழ்வார் பிறந்த நட்சத்திரம். நெல்வயல்ல கிடந்த குழந்தையாம் அவர். பாணர் குடும்பம் எடுத்து வளர்த்தது. சாதி காரணமா ஸ்ரீரங்கத்துல கால் வைக்காம, காவிரித் தென்கரையில நின்னே யாழ் மீட்டிப் பாடினார். தண்ணி எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகச் சொன்னார். பாட்டுல கரைஞ்சு நின்னவருக்குக் காதுல விழலை. கல்லெறிஞ்சார், நெத்தியில ரத்தம். பிறகு பெருமாளே உத்தரவு போட, அதே முனிவர் அவரைத் தோள்ல சுமந்து சன்னதிக்குக் கொண்டுபோனார்னு வரலாறு சொல்றாங்க. எறிஞ்ச கையும் சுமந்த தோளும் ஒரே ஆளோடதுங்கறதை மறைக்காம இத்தனை நூற்றாண்டா சொல்லிக்கிட்டு வர்றாங்க பாருங்க, அதைப் பாராட்டணும்.

ஆனா எனக்கு உறுத்தறது வேற. இதே சோழநாட்டுல கரிகாலன் பொருநனைப் பக்கத்துல வெச்சு, சோறும் கறியும் கொடுத்து, கிளம்பும்போது ஏழடி பின்னாலயே நடந்து வழியனுப்பறான். பொருநராற்றுப்படையில இருக்கு. பாணரும் பொருநரும் ஒரே பிழைப்புக்காரங்க, பாடி ஆடிப் பரிசு வாங்கறவங்க. ராஜா பின்னாலயே நடந்து வந்து மரியாதை பண்ணின கூட்டத்துல ஒருத்தர், சில நூற்றாண்டு கழிச்சு ஆத்தைத் தாண்ட முடியாம கரையில நிக்கறார். கார்த்திகை விளக்கு அப்பவும் எரிஞ்சுது, இப்பவும் எரிஞ்சுது. நடுவுல ஊர் மாறிப்போச்சு.

திருப்பாணாழ்வார் பாடினது பத்தே பத்துப் பாசுரம். உறையூர் நாச்சியார் கோயில்ல அவருக்குச் சன்னதி இருக்கு. கார்த்திகைக்கு மலைக்கோட்டை தீபம் பார்க்க வர்றவங்க மறுநாளும் தங்கினா, ரோகிணி அன்னைக்கு அங்க போயிட்டு வரலாம்.