நிறத்தால் பால் அறியும் கோழிக் கலப்பு

நிறத்தால் பால் அறியும் கோழிக் கலப்பு என்பது, குஞ்சு பொரித்த அன்றே அதன் தூவியின் நிறத்தைப் பார்த்துச் சேவலா பேடா என்று சொல்லிவிடும்படி, சேவலையும் பேட்டையும் தெரிந்தெடுத்து இணைக்கும் முறை. இலங்கையில் முட்டைக்காக வளர்க்கப்படும் ஷேவர் பிரவுன், ஹைலைன் பிரவுன் போன்ற சிவப்புக் கலப்பினங்கள் இந்த முறையில் பிறப்பவை. பெரிய பொரிப்பகங்களின் தொழில்நுட்பமாகவே இது பேசப்படுகிறது. ஆனால் பதுளை, பசறை, மடுல்சீமை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்ட வீடுகளுக்கும் இது கைக்கெட்டும் தூரத்தில் உள்ள அறிவுதான். இரண்டு கோழிகளைச் சரியாகத் தெரிந்தெடுத்தால் போதும், இயந்திரம் எதுவும் தேவையில்லை.

லயத்தில் ஒரு காம்பராவுக்குப் பின்னால் கிடைக்கும் இடம் ஒரு கூட்டுக்கும் நாலு பாத்தி மரக்கறிக்கும்தான் காணும். கோழி கூடினால் பக்கத்து வீட்டு லீக்ஸ் பாத்தியைக் கிளறிவிடும், அதனால் மனஸ்தாபம் வரும். ஊர்க்கோழியை அடைவைத்தால் 21 நாளில் குஞ்சு வெளிவரும், ஏறத்தாழப் பாதி சேவலாக இருக்கும். கொண்டை சிவந்து பருத்துச் சந்தேகமில்லாமல் அடையாளம் தெரிய ஆறு, ஏழு வாரமாவது செல்லும். அதுவரை குறுணலும் தீனும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் போகும். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு முட்டைக் காசு சிறு தொகைதான். ஆனாலும் பெயர் போட்டுக் கணக்குப் பார்க்கும் சம்பளத்துக்கு வெளியே அவள் கையில் நேராக விழும் காசு அது. அந்தக் காசைத் தரப்போகிற குஞ்சு எது என்று முதல் நாளே தெரிவது அந்த வீட்டுக்குச் சின்ன விஷயமல்ல.

முட்டையை வைத்தே பால் சொல்லும் நம்பிக்கை எல்லா ஊரிலும் உண்டு. நுனி கூரான முட்டை சேவலாகும், உருண்டை முட்டை பேடாகும் என்பார்கள். இது மிகப் பழைய பேச்சு. நீண்டு கூரான முட்டையிலிருந்து பேடு வரும் என்று அரிஸ்டாட்டில் எழுதினார், உரோமரான பிளினி உருண்டை முட்டைதான் பேடு என்று நேர்மாறாக எழுதினார். இரண்டுக்கும் ஆதாரமில்லை. முட்டையின் வடிவம் தாய்க்கோழியின் முட்டைக் குழாயில் அமைவது. குஞ்சின் பாலோ, ஓடு உருவாவதற்கு முன்பே கருவில் முடிவாகிவிடுகிறது.

பரம்பரைக் கணக்கு

மனிதரில் பிள்ளையின் பாலைத் தீர்மானிப்பது தந்தையின் நிறமூர்த்தம். கோழியில் அது தாயுடையது. சேவலிடம் இரண்டு இசட் நிறமூர்த்தங்கள் இருக்கும். பேட்டிடம் ஓர் இசட்டும் ஒரு டபிள்யூவும் இருக்கும். தாய் தன் இசட்டைக் கொடுத்தால் குஞ்சு சேவல், டபிள்யூவைக் கொடுத்தால் பேடு. ஆகவே தாயின் இசட்டில் உள்ள எந்தக் குணமும் மகனுக்குத்தான் போகும், மகளுக்குப் போக வழியே இல்லை. மகளின் ஒரே இசட் தந்தையிடமிருந்து வருவது. இசட்டில் உட்கார்ந்திருக்கும் நிறக் குணத்தைப் பொறுத்தவரை மகன் தாயைப் போலவும் மகள் தந்தையைப் போலவும் பிறக்க முடிவது இதனால்தான்.

அப்படிப் பிறக்க வேண்டுமானால், தாயிடம் ஆட்சியுடைய (ஒன்று இருந்தாலே வெளியே தெரியும்) குணமும் தந்தையிடம் பின்னிடைவான (ஆட்சிக் குணத்தின் முன் மறைந்துவிடும்) குணமும் இருக்கும்படி இணைக்க வேண்டும். மாற்றி இணைத்தால், அதாவது ஆட்சிக் குணத்தைத் தூய வடிவில் கொண்ட சேவலை விட்டால், மகனும் மகளும் ஒரே அடையாளத்தோடு பிறப்பார்கள், பிரித்தறிய எதுவும் மிஞ்சாது. கலப்புச் செய்யப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இது.

கறுப்புக் கலப்பு

தோட்ட வீட்டுக்கு மிகவும் ஏற்றது வரிக்கோழியைக் கொண்டு செய்யும் கலப்பு. ரோட் ஐலண்ட் ரெட் அல்லது நியூ ஹாம்ப்ஷயர் சேவலையும், சாம்பலும் வெள்ளையுமாகக் குறுக்குக் கோடு விழுந்த வரிப் பிளிமவுத் ரொக் பேட்டையும் இணைப்பார்கள். வரி என்பது இறகு வளரும்போது கருநிறம் விட்டுவிட்டுப் படிவதால் வருவது. அந்தப் பரம்பரையலகு இசட்டில் இருக்கிறது.

பிறக்கும் குஞ்சுகள் எல்லாமே கறுப்பு. முதற்பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. தூவி காய்ந்து பஞ்சுபோல் எழும்பிய பிறகு ஒன்றை உள்ளங்கையில் எடுத்து, தலையை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். பிடரிக்குச் சற்று மேலே, சுண்ணாம்பு தொட்ட விரலை ஒற்றி எடுத்ததுபோல ஒரு வெண்பொட்டு இருந்தால் சேவல். ஓரம் ஒழுங்கில்லாமல் இருந்தாலும் பொட்டு பொட்டுத்தான். உச்சி முழுக்கக் கறுப்பென்றால் பேடு. வயிற்றுப் பக்கத்திலும் இறக்கை நுனியிலும் தெரியும் வெளிறலைக் கணக்கில் எடுக்கக்கூடாது, தலையை மட்டும் பார்க்க வேண்டும். வளர்ந்தபின் சேவல் தாயைப் போல வரியோடு நிற்கும். பேடு கறுப்பாகவே வளர்ந்து கழுத்திலும் மார்பிலும் செம்பொன் இறகு காட்டும்.

வரியுள்ள பேட்டிடம் ஒளிவுமறைவு இல்லை என்பது இந்தக் கலப்பின் பெரிய வசதி. அவளுக்கு இருப்பது ஒரே இசட். வரி கண்ணுக்குத் தெரிந்தால் அது அந்த இசட்டில் இருக்கிறது, தவறாமல் எல்லா மகன்களுக்கும் போகும். ஊர்க்கோழிகளிடையே கிடைக்கும் வரிப்பேட்டையும் இதற்குப் பயன்படுத்தலாம். ஆனால் குஞ்சின் தூவி கறுப்பாக வந்தால்தான் பொட்டு தெரியும். அணில்போல முதுகில் கோடு விழுந்த குஞ்சுகள் வந்தால் அடையாளம் அந்தக் கோடுகளுக்குள் கரைந்துவிடும்.

சிவப்புக் கலப்பு

மற்றொரு வழி பொன்னும் வெள்ளியும். பொன்னிறக் குணமுள்ள சேவலை (ரோட் ஐலண்ட் ரெட் போன்றது) வெள்ளிக் குணமுள்ள பேட்டோடு (லைட் சசெக்ஸ், ரோட் ஐலண்ட் வைட் போன்றவை) சேர்த்தால் மகள் செம்பழுப்பாகவும் மகன் வெளிர்மஞ்சளாகவும் பிறப்பார்கள். இன்றைய சிவப்பு லேயர் இனங்கள் இந்தக் கணக்கில் வந்தவை. நல்ல தீனில் ஆண்டுக்கு 300 முட்டையை எட்டக்கூடியவை. ‘லேயர் குஞ்சு’ என்று சொல்லி வெளிர்மஞ்சள் குஞ்சை யாராவது மலிவாக விற்க வந்தால் அவை இந்த இனங்களின் சேவல்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

வெள்ளைக் கோழி எல்லாம் வெள்ளிக் குணமுள்ளதல்ல. வெள்ளை லெக்ஹார்னின் வெண்மை வேறொரு ஆட்சிப் பரம்பரையலகால் வருவது. அது மற்ற நிறங்களை மூடிவிடுவதால் குஞ்சுகள் வெளிறியே பிறக்கும், பால் தெரியாது.

எந்தக் கலப்பானாலும் அடையாளம் ஒரு தலைமுறைக்குத்தான். பொட்டோடு பிறந்த சேவலையும் கறுப்புப் பேட்டையும் கூடப்பிறந்தவை என்று பாராமல் கூட்டில் விட்டு, அடுத்த ஈட்டிலும் பொட்டைத் தேடினால் ஏமாற்றம்தான். அந்தச் சேவலிடம் வரியுள்ள இசட் ஒன்றும் இல்லாத இசட் ஒன்றும் உண்டு. மகன்களில் பாதிக்கும் மகள்களில் பாதிக்கும் பொட்டு வரும். ஒவ்வொரு முறையும் பழைய தாய் தந்தையிடமே திரும்ப வேண்டும்.

வரலாறு

வரிக் குணம் பாலோடு பிணைந்து கடத்தப்படுவதை 1908 இல் அமெரிக்கரான வில்லியம் ஸ்பில்மன் விளக்கினார். அதைக் கோழிப் பண்ணைக்குக் கொண்டுவந்தவர் கேம்பிரிஜ் பேராசிரியர் ரெஜினல்ட் பனட். முதல் உலகப் போரின் உணவுத் தட்டுப்பாட்டில், வேண்டாத சேவற்குஞ்சுகளுக்குத் தீன் போடாதிருக்க நிறத்தைக் கொண்டு பிரிக்கலாம் என்று அவர் யோசனை சொன்னார். இலங்கையருக்கு இன்னொரு காரணத்தாலும் அவர் நினைவில் நிற்க வேண்டியவர். கறிவேப்பிலை, தோடை இனச் செடிகளில் வளரும் ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சியில் பெண் மட்டும் மூன்று வடிவங்களில் காணப்படுவதை இத்தீவில் ஆராய்ந்து, 1910 இல் கொழும்பு நூதனசாலையின் ‘ஸ்போலியா ஸெய்லனிக்கா’ இதழில் எழுதியவர் அவர். பாலும் நிறமும் எப்படிப் பிணைகின்றன என்ற கேள்வி அவரிடம் கோழிக்கூட்டுக்கு வெளியேயும் இருந்தது.

1920களின் இறுதியில் பனட்டும் மைக்கேல் பீஸும் கேம்பார் என்ற இனத்தை உருவாக்கினர். அதில் ஒவ்வொரு தலைமுறையிலும் குஞ்சின் நிறமே பால் சொல்லும். வரிக்குரிய பரம்பரையலகு சேவலிடம் இரண்டும் பேட்டிடம் ஒன்றும் இருப்பதால், சேவற்குஞ்சு கூடுதலாக வெளிறியிருக்கும். அதே காலத்தில் ஜப்பானில் மசுயியும் ஹஷிமோட்டோவும் குஞ்சின் கழிவாயைப் பார்த்துப் பால் பிரிக்கும் முறையை வகுத்தனர். அதற்கு நீண்ட பயிற்சி வேண்டும்.

பெரிய பொரிப்பகங்களில் இந்த அறிவுக்கு ஒரு கசப்பான முகமும் உண்டு. லேயர் இனச் சேவற்குஞ்சு முட்டையிடாது, இறைச்சிக்கும் மெதுவாகவே பருக்கும், அதனால் பிறந்த நாளே கொல்லப்படுகிறது. ஜெர்மனி இதை 2022 ஜனவரி முதல் தடைசெய்தது. தோட்டத்துச் சேவலின் கதை வேறு. தீபாவளிக்கும், விருந்தாளிக்கும், தோட்டத் தெய்வங்களான ரோதைமுனிக்கோ கவ்வாத்துச்சாமிக்கோ வைத்த நேர்த்திக்கும் அது வேண்டும். எந்தக் குஞ்சை எதற்கென்று ஒதுக்கி வளர்ப்பது என்பதை முன்கூட்டித் தெரிந்துகொள்ளத்தான் அங்கே நிறம் உதவுகிறது.

கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் குண்டசாலை, கரந்தகொல்லவில் மத்திய கோழி ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அந்த நிலையம் வரிப்பேடுகளையும் சிவப்புச் சேவல்களையும் தூய இனமாகவே தோட்டங்களுக்குக் கொடுத்தால், குஞ்சை வாங்கும் குடும்பங்கள் குஞ்சைத் தாங்களே உண்டாக்கும் குடும்பங்களாகலாம். சிவப்பு லேயர் நிறைய முட்டையிடும், ஆனால் அடை படுக்காது. அடைக்கோழி இல்லாவிட்டால், பண்டாரவளை, அப்புத்தளைக் குளிரில் மின்விளக்கில்லாமல் குஞ்சைக் காப்பாற்றவும் முடியாது. அதனால் வரிப்பேட்டின் முட்டைகளைப் பொறுக்கி, அடைக்கு உட்கார்ந்த ஊர்க்கோழியின் கீழ் வைப்பதே சரியான வழி.